சான்றிதழ் அடகுப் பொருளல்ல

ராசிபுரம், திருச்செங்கோடு ரோட்டில் கோழிப்பண்ணையும் கல்லூரியும் மாறிமாறி வரும். 1984இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அரசு கதவு திறந்தது. பணமும் நிலமும் உள்ளவர்கள் 'கல்வித் தந்தை' ஆனார்கள்.

சேரிப் பிள்ளைக்கு அந்த கேட்டைத் திறந்தது 2012இன் அரசாணை 92. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தாலும் ஏழை எஸ்.சி., எஸ்.டி. மாணவர் கட்டணத்தை அரசே ஏற்றது. 2017இல் நிர்வாக ஒதுக்கீட்டுக்கான தொகையை மாநில அரசு வெட்டியது. 2018இல் ஒன்றிய அரசின் விதி அவர்களை அடியோடு வெளியே தள்ளியது.

"எஸ்.சி.க்கு பீஸே இல்லீங்க" என்று காலனிக்குள் வரும் புரோக்கர் இதைச் சொல்வானா? கலந்தாய்வு வழி வேறு, நிர்வாக வழி வேறு. தெரியாமல் சேர்ந்த பிள்ளை பாக்கிக்காரன் ஆகிறான். அவன் டி.சி. கல்லூரி பீரோவுக்குள் போகிறது.

வங்கிக் கவுன்டரில் தினமும் அடகு பார்க்கிறவன் நான். நகைக்குக்கூட ரசீது கொடுக்கிறோம். படிப்பை அடகு பிடிக்கிறவன் அதுவும் தருவதில்லை. அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாதென்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே சொல்லிவிட்டது.

மாணவத் தோழர்களே, ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரமே காலனிக்குப் போங்கள். கூட உட்கார்ந்து கலந்தாய்வு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். சான்றிதழ் மறுக்கப்பட்டவர்களைக் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீசுக்கு வாங்க. ஒத்தையாப் போனா மனு. கூட்டமாப் போனாத்தான் பதில்.