ஐ.சி.டியில் 'ஏ' எடுத்த பிள்ளைக்கு நிரல் எழுதத் தெரியுமா?



சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் ஐ.சி.டிக்கு 'ஏ' எடுத்த பிள்ளைகளின் படங்கள் முகநூலை நிறைத்துவிடும். மாஷா அல்லாஹ், அவர்களின் உழைப்புக்கு வாழ்த்துகள். ஆனால் அந்த 'ஏ' எதை அளந்தது என்று நம்மில் யாரும் கேட்பதில்லை.

ஒரு சின்னச் சோதனை. 40 மாணவர்களின் புள்ளிகளில் ஆகக் கூடியதைக் கண்டுபிடிக்க நிரல் எழுதச் சொல்லுங்கள். மளமளவென்று எழுதுவார்கள். அடுத்து, 10 கடைகளின் அரிசி விலையில் ஆகக் குறைந்ததைக் கேளுங்கள். பலர் "இது படிப்பிக்கல்லயே சேர்" என்பார்கள். சிலர் 'பெரிது' குறியைச் 'சிறிது' என்று மாற்றிவிட்டு, தொடக்கப் பெறுமானத்தை 0 என்றே விடுவார்கள். விடை 0 ரூபா என்று வரும். எந்தக் கடையில் அரிசி சும்மா கிடைக்கிறது?

இரண்டும் ஒரே கணக்குத்தான். முதலாவதைக் கையில் எடு, அடுத்தது அதைவிடப் பொருத்தமானால் மாற்று. புள்ளியும் அரிசியும் வெறும் தோல். தோலை உரித்துச் சுளையைப் பார்க்கும் இந்தத் திறனைத்தான் 'அருவமாக்கல்' என்கிறோம். லண்டன் இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர் ஜெஃப் கிராமர் 2007இல், கணினித்துறைக்கு இதுவே திறவுகோல், இதை அளக்கத் தனிச் சோதனைகள் வேண்டும் என்று எழுதினார். அதற்கு முந்தைய வருடம் ரேமண்ட் லிஸ்டரும் சகாக்களும் ஒரு நிரல் துண்டைக் காட்டி, இது என்ன செய்கிறது என்று கேட்டார்கள். விரிவுரையாளர்கள் பெரும்பாலும் நோக்கத்தைச் சுருக்கமாகச் சொன்னார்கள். மாணவர் பலர் வரி வரியாக ஒப்புவித்தார்கள்.

நாம் வளர்ப்பதும் அந்த ஒப்புவித்தலைத்தான். கடந்தகால வினாத்தாள்களின் நிரல்களைப் பாடமாக்க வைக்கும் ரியூசன் வகுப்புக்குத்தான் கூட்டம். உயர்தரத்தில் பைதனோடு புதுக் கணக்கு வரும்போது அதே பிள்ளை "எனக்கு மூளை இல்ல" என்று ஒதுங்குகிறது. குற்றம் மூளையில் இல்லை.

"சோதினைக்கு வாறதத்தானே படிப்பிக்கணும்?" என்பார்கள். தேசியப் பரீட்சை நம் கையில் இல்லைதான். வகுப்பறைக் கணிப்பீடு நம் கையில் இருக்கிறதே! ஒவ்வொரு தவணையும் மூன்று கேள்வி சேர்ப்போம்:

1. தலைப்பில்லாத நிரலைக் கொடுத்து, அதன் நோக்கத்தை ஒரே வசனத்தில் எழுதச் சொல்வது.
2. செய்து பழகிய கணக்கை வேறு கதையில் கேட்பது.
3. நூலகத்தில் இரவல் பதிய புத்தகத்தின் இலக்கம், தலைப்பு, அட்டை நிறம், பாரம், திருப்பித் தரும் திகதி என்பவற்றில் எவை தேவை, எவை தேவையில்லை, ஏன் என்று கேட்பது.

இதற்குக் கணினிக்கூடமும் வேண்டாம், நன்கொடையும் வேண்டாம். கரும்பலகை போதும்.

வாப்பாமார், உம்மாமாரே! "எத்தனை பாஸ் பேப்பர் செய்தாய்?" என்று கேட்பதை நிறுத்துங்கள். கொப்பியில் ஒரு நிரலைக் காட்டி, "இது என்னத்துக்கு மகன்?" என்று கேளுங்கள். ஒரு வசனத்தில் விளங்கப்படுத்த முடியாவிட்டால், அடுத்த மாதக் காசைக் கட்டுமுன் அந்த வகுப்பு ஆசிரியரிடம் போய்க் காரணம் கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள்.