மேலே காற்று உண்டா?

நூற்றைம்பது மைலுக்கு மேலே காற்றே கிடையாது என்று பல வருஷங்களாக வகுப்பில் சொல்லி வந்தவன் நான். சென்ற வாரம் ஒரு பையன் எழுந்து, "அப்படியானால் செயற்கைக் கோள்கள் ஏன் ஸார் விழுகின்றன?" என்று கேட்டான். பிழை என்னுடையதுதான்.

400 கிலோ மீட்டர் உயரத்திலும் காற்று உண்டு. தரைக் காற்றின் அடர்த்தியில் லக்ஷம் கோடியில் சில பங்குதான். ஆனால் சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குள்ள தூரத்தை ஏழே விநாடியில் கடக்கும் கோளுக்கு அதுவே பெருந்தடை.

நாமக்கல் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் (நீட்டலாகாது) காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும்; குறுக்குக் காற்றடித்தால் பக்கவாட்டிலும் தள்ளும். 2000-ம் வருஷம் ஜெர்மானியர் அனுப்பிய 'சாம்ப்' என்ற கோளில் அத்தகைய கை ஒன்று இருந்தது. அதன் பெயர் முடுக்கமானி. மூடிய கூட்டுக்குள் ஒரு சிறு உலோகக் கட்டி எதையும் தொடாமல் மின்சக்தியால் நிறுத்தப்பட்டிருக்கும். வெளிக்காற்று கோளைத் தடுக்கும். உள்ளிருக்கும் கட்டியைத் தொடாது. ஆகவே கட்டி சற்றே முன்னே நகரப் பார்க்கும். அதை நடுவிலேயே நிறுத்த எவ்வளவு மின்சக்தி தேவையோ, அதுவே தடையின் அளவு. சூரிய ஒளியின் தள்ளலைக் கழித்துவிட்டால், முன்பின் தடையிலிருந்து அடர்த்தியும் பக்கத் தள்ளலிலிருந்து காற்றின் வேகமும் கிடைக்கும்.

வேடிக்கை என்னவென்றால், இக்கருவி காற்றை ஆராய வைத்ததன்று. பூமியின் ஈர்ப்பை அளந்தவர்கள், காற்றின் குறுக்கீட்டைப் புடைத்துத் தள்ளவே வைத்தார்கள். அவர்கள் தள்ளிய உமியை மற்றவர்கள் தானியமாக அள்ளிக் கொண்டார்கள்!

அதில் நம் சீமைச் சங்கதியும் அகப்பட்டது. காந்த பூமத்திய ரேகை நம் நாட்டின் தென்கோடியில் திருநெல்வேலிப் பக்கமாகச் செல்கிறது. அந்த ரேகைக்கு மேலே பகலில் காற்று சற்று மெலிந்தும், அதற்கு வடக்கிலும் தெற்கிலும் தடித்தும் இருப்பதைச் 'சாம்ப்' காட்டிற்று. ரேகையை ஒட்டியே மணிக்குப் பல நூறு கிலோ மீட்டர் வேகத்தில் காற்றும் ஓடுகிறது. இருபுறமும் மின்னேற்றத் துகள்கள் மிகுந்து காற்றை இழுத்துப் பிடிக்க, நடுவில் அவை குறைந்திருப்பதால் அது தடையின்றி விரைகிறது.

1963 நவம்பர் 21-ல் தும்பாவிலிருந்து ராக்கெட் விட்டு, சோடிய ஆவி மேகம் நகர்வதைப் படமெடுத்தும் நம்மவர்கள் மேற்காற்றை அளந்ததுண்டு. ஆனால் அது ஒரே இடத்தில், சில நிமிஷங்களுக்கு மட்டுமே.

இந்தக் கணக்கு தவறினால் நஷ்டம் கொஞ்சமன்று. 2022 பிப்ரவரியில் ஓர் அமெரிக்கக் கம்பெனி அனுப்பிய 49 கோள்களில் 40 வரை நாசமாயின. சூரியனிலிருந்து வந்த கொந்தளிப்பால் மேற்காற்று சூடேறி விரிந்து அவற்றை இழுத்துவிட்டது. அளந்த 'சாம்ப்' மட்டும் தப்பியதா? பத்து வருஷம் சுற்றிவிட்டு 2010 செப்டம்பரில் அதுவும் அதே காற்றில் விழுந்து எரிந்தது.