பெட்டி வந்தது, பயிற்சியாளர் எங்கே?

கோவில்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தீப்பெட்டியும் கடலை மிட்டாயும் நினைவுக்கு வரும். விளையாட்டு தெரிந்தவர்களுக்கு ஹாக்கி நினைவுக்கு வரும். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய அணிக்காக முதன்முறையாகக் களமிறங்கிய மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் இருவரும் இந்த ஊர் மைதானத்தில் பயிற்சி பெற்றவர்கள். மாரீஸ்வரன் கோவில்பட்டிக்காரர். கார்த்தி அரியலூரிலிருந்து இங்கு வந்து தங்கிப் பழகியவர். பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். இந்தியா வெண்கலம் வென்றது. 2023 ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை இந்தியா வென்றபோதும் கார்த்தி அணியில் இருந்தார்.

இந்தப் பெயர்களை நாடு அறியும். இவர்களைப் போன்ற பிள்ளைகளின் கையில் முதல் மட்டையைக் கொடுத்தவர்களை ஊர் மட்டுமே அறியும். பள்ளி உடற்கல்வி ஆசிரியர், ஓய்வுபெற்ற பழைய வீரர், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போய் மாலையில் மைதானத்துக்குத் திரும்பும் அண்ணன் என்று அவர்கள் பல விதம். அரசின் விளையாட்டு விடுதியில் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்கள் சிலரே. மற்றவர்கள் சொந்த நேரத்தையும் சொந்தப் பணத்தையும் செலவழிப்பவர்கள்.

இந்த உழைப்பின் அருமை தெரிய வேண்டுமானால் கரிசல் பூமியின் பழைய விடியலை நினைத்துப் பார்க்க வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் இங்கே கோழி கூவும் முன்பே பிள்ளைகளை எழுப்பியது தீப்பெட்டி ஆபீஸ் வேன். தூக்கம் கலையாத குழந்தைகள், அதிலும் பெண் பிள்ளைகள், கட்டையில் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் போனார்கள். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் வந்தது. 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது முதல் பட்டியலிலேயே சிவகாசி வட்டாரம் இருந்தது. நிலமும் இல்லாமல் மழையும் இல்லாமல் தவித்த குடும்பங்களே அந்த வேனில் பிள்ளைகளை ஏற்றின. அவற்றில் காலனித் தெருக் குடும்பங்கள் ஏராளம். அதே விடியற்காலையில் இன்று ஒரு பிள்ளை மட்டையோடு மைதானத்துக்கு ஓடுகிறது என்றால் அது சின்ன மாற்றம் அல்ல.

அந்த மாற்றத்தைத் தினமும் தூக்கிச் சுமப்பவர் பயிற்சியாளர். கரிசல் மண் மழை பெய்தால் காலைப் பிடித்து இழுக்கும். வெயில் அடித்தால் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். சரளை போட்டுச் சமன் செய்து, வேலிக்கருவையை வெட்டி, முள் பொறுக்கினால்தான் பந்து உருளும். ஒரு நல்ல ஹாக்கி மட்டையின் விலை தீப்பெட்டித் தொழிலாளியின் பல நாள் கூலி. உடைந்த மட்டைக்குப் பட்டை சுற்றிக் கொடுப்பவரும் பயிற்சியாளர்தான். பெண் பிள்ளையை அனுப்பத் தயங்கும் வீட்டின் திண்ணையில் போய் உட்கார்ந்து பேசுபவரும் அவர்தான். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. எந்தப் போட்டியின் சான்றிதழ் செல்லும், எங்கே பதிய வேண்டும் என்பதெல்லாம் படிக்காத பெற்றோருக்கு எப்படித் தெரியும்? பயிற்சியாளர் இருக்கிற ஊர்ப் பிள்ளைக்குத் தெரிகிறது. இல்லாத ஊர்ப் பிள்ளைக்கு அந்தச் சதவீதம் வெறும் எண்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய வேலை ஒன்று நம் பகுதிப் பயிற்சியாளருக்கு உண்டு. 2025 மார்ச்சில் இதே தூத்துக்குடி மாவட்டத்தில், ஸ்ரீவைகுண்டம் அருகே, பிளஸ் 1 தேர்வு எழுதப் பேருந்தில் போன தலித் மாணவர் ஒருவரை வழிமறித்து வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் தோற்றவர்களின் ஆத்திரமே காரணம் என்று குடும்பத்தினர் கூறினார்கள். வென்றது ஒரு குற்றமா? ஆடுகளத்தில் தோற்றவன் அடுத்த ஆட்டத்தில் வெல்லப் பார்ப்பான். சாதியாகத் தோற்றதாக நினைப்பவன் அரிவாளைத் தேடுகிறான்.

பதக்கம் வாங்கிவிட்டால் சாதி விட்டுவிடும் என்றும் நம்ப முடியவில்லை. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தவர் வந்தனா கட்டாரியா. ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். சில நாள் கழித்து அரையிறுதியில் இந்தியா தோற்றது. ஹரித்வார் அருகே அவர் வீட்டின் முன்னால் வெடி வெடித்துச் சாதியைச் சொல்லித் திட்டினார்கள்.

சிறந்த பயிற்சியாளருக்கு இந்திய அரசு 1985 முதல் கொடுக்கும் விருதுக்குத் துரோணாச்சாரியார் பெயர். ஏகலைவனின் கட்டை விரலைக் கேட்டு வாங்கிய குருவின் பெயர் அது. நமக்குத் தேவை விரலைக் காக்கிற குரு. காலனிப் பையனும் ஊர்த்தெருப் பையனும் ஒரே பனியன் போட்டு, ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்து, ஒருவனுக்கு ஒருவன் பந்து தள்ளினால்தான் கோல் விழும் என்று பத்து வயதிலேயே பழக்குகிறவர். கையில் சாதிக்கயிறு கட்டி வந்தால் கழற்றிவிட்டு வா என்று சொல்லும் துணிவு உள்ளவர். நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் அளித்த அறிக்கையில் பள்ளிகளில் இந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொன்னது. மைதானத்தில் அதைச் செய்துகாட்டக்கூடியவர் பயிற்சியாளரே. அவர் பேச்சைப் பிள்ளைகள் கேட்பார்கள்.

மைதானம் யாருடையது என்பதிலும் சந்தேகம் வேண்டாம். அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், சாலை, மக்கள் கூடும் இடம் எதிலும் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக்கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு. ஊராட்சி மைதானமும் அதில் அடங்கும். ஆனால் சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. மைதானம் ஊர்த்தெரு ஓரத்தில் இருக்கிறது. பல கிராமங்களில் காலனிப் பிள்ளைகளுக்குக் கம்மாய்க்குள் காய்ந்த தரைதான் ஆடுகளம்.

தமிழக அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 12,525 ஊராட்சிகளுக்கும் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் தொகுப்பு வழங்கும் திட்டம் 2024இல் தொடங்கியது. ஒரு பெட்டியில் 33 வகைப் பொருட்கள். நல்ல திட்டம். பெட்டியைத் திறந்து பிள்ளைகளை வரிசையில் நிறுத்த ஆள் யார்? அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. ஆள் இல்லாத ஊரில் பெட்டி அலுவலக பீரோவுக்குப் பக்கத்தில் தூசி படியும். அல்லது செல்வாக்குள்ள தெருவுக்குப் போய்ச் சேரும்.

பள்ளிகளிலும் இதே குறைதான். உடற்கல்வி, ஓவியம், தையல் போன்ற பாடங்களுக்கு 2012இல் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டார்கள். 2024இல்தான் அது 12,500 ஆனது. மே மாதச் சம்பளம் இல்லாமலே அவர்களுக்கு ஆண்டுகள் கழிந்தன. இந்தக் கூலியில் குடும்பம் நடத்துகிறவரிடம் ஒலிம்பிக் வீரரை எதிர்பார்க்கிறோம்.

சென்னையில் கண்ணகி நகரைப் பாருங்கள். நகரத்தின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம். அங்கே ராஜி என்ற பயிற்சியாளரிடம் கபடி பழகிய கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். பரிசுத்தொகை அறிவிக்கப்பட்டது. நியாயம்தான். ஆனால் பதக்கத்துக்குப் பின்னால் வரும் பணத்தில் ஒரு பங்காவது பதக்கத்துக்கு முன்னால் வர வேண்டாமா?

எனவே நாம் கேட்பது இவை. உபகரணத் தொகுப்பு போன ஒவ்வொரு ஊராட்சிக்கும் மதிப்பூதியத்தில் ஒரு பயிற்சியாளரை நியமிக்க வேண்டும். அந்த வட்டாரத்தின் பழைய வீரர்களுக்கு, குறிப்பாகத் தலித் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் முன்னுரிமை வேண்டும். பட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் சான்றிதழ் படிப்புக்கு அவர்களை அரசே பணம் கட்டி அனுப்ப வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் மாலை நேரப் பயிற்சிக்கு ஆளும் மைதானமும் வேண்டும். மைதானம் எல்லாத் தெருவுக்கும் பொது என்ற பலகை வாசலில் இருக்க வேண்டும். சாதிப் பெயரிலோ சாதித் தலைவர் படத்துடனோ பனியன் போட்ட அணிகளுக்குப் போட்டி நடத்துவோர் இடம் தரக்கூடாது.

பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் தொகைக்கு ஏற்ப நிதியை ஒதுக்கி அவர்களுக்கே செலவிட வேண்டும் என்று தமிழக சட்டமன்றம் 2024இல் தனிச்சட்டமே நிறைவேற்றியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். அந்த நிதியில் விளையாட்டுக்கு எவ்வளவு, பயிற்சியாளருக்கு எவ்வளவு என்று மாவட்ட நிர்வாகம் வெளிப்படையாகச் சொல்லட்டும்.

படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று. அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்குப் போங்கள். நம் ஊர்ப் பெட்டி எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது, மைதானத்தில் எந்தத் தெருப் பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்று கேளுங்கள். பயிற்சியாளர் வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு உண்டு.