பட்டமா, பட்டறிவா?

"விற்பனைப் பிரதிநிதி தேவை. தகுதி: ஏதேனும் ஒரு பட்டம்."

இப்படி ஒரு விளம்பரம் வராத நாள் உண்டா? ஏதேனும் ஒரு பட்டமாம்! விலங்கியல் படித்திருந்தாலும் சரி, வரலாறு படித்திருந்தாலும் சரி! எந்தப் பட்டமானாலும் போதும் என்றால், விற்கும் வேலைக்கும் பட்டத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை என்று விளம்பரம் கொடுத்தவரே ஒப்புக்கொள்கிறார் என்றுதானே பொருள்? பின் எதற்கு அந்த வரி? வாயிலில் நிற்கும் கூட்டத்தைக் குறைப்பதற்கு! குறைக்கும்போது முதலில் கழிக்கப்படுபவன் யார்? ஏழை வீட்டுப் பிள்ளை!

தேவாரத்தைப் பாருங்கள், தோழர்களே! பொழுது புலருமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மெட்டுச் சாலை வழியே மலைக்குப் போய், ஏலத்தோட்டத்தில் நாளெல்லாம் காயெடுத்து, இருட்டிய பின் ஊர் திரும்பும் தாய்மார்கள் எத்தனை பேர்! அவர்களுடைய பிள்ளைகளில் எத்தனையோ பேர் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள். ஏன்? அறிவு போதாமலா? அல்ல, கூலி போதாமல்!

அந்த வீட்டுப் பிள்ளைக்கு வாணிபம் வராதா? ஏலக்காயின் விலையை நிர்ணயிப்பவை எவை? நிறம், பருமன், எடை. 'ஆலப்பி பச்சை எக்ஸ்ட்ரா போல்டு' என்னும் உயர்தரத்துக்கு, காய் 7 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்க வேண்டும். ஒரு லிட்டர் காய் 435 கிராமாவது எடையிருக்க வேண்டும். இந்தக் கணக்கு ஏட்டில் இருக்கிறது. போடியில் காய் தரம்பிரிக்கும் பெண்ணின் விரல்நுனியிலோ அது உயிரோடு இருக்கிறது! அள்ளிய மாத்திரத்தில் கனம் சொல்வாள். பார்த்த மாத்திரத்தில் நிறம் பிரிப்பாள்.

அவள் பிரித்த காய்தான் போடியிலும், மலைக்கு அப்பால் புற்றடியிலும், ஸ்பைசஸ் போர்டின் ஏலத்துக்குப் போகிறது. 2007 ஆம் ஆண்டில் அங்கே கணினி வந்தது. வியாபாரி மாதிரிக் காயைப் பார்க்கிறார், விலையைத் தட்டுகிறார். அவர் விலை வைப்பது காய்க்கு மட்டுமா? அந்தப் பெண்ணின் தேர்ச்சிக்கும் சேர்த்துத்தானே! ஆனால், அவளுக்குக் கிடைப்பது அன்றாடக் கூலி. விற்கும் நாற்காலியில் அவள் மகன் உட்கார வந்தால், "பட்டம் எங்கே?" என்கிறார்கள்.

பட்டமில்லாதவன் வாணிபத்தில் தலையெடுக்க முடியுமா என்று ஐயுறுவோர் ஈரோட்டைப் பார்க்கட்டும். பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு, 12 வயதிலேயே தந்தையின் மண்டியில் அமர்ந்து, கைதேர்ந்த வணிகரானவர்தான் பின்னாளில் பெரியார். சீமையையும் பார்க்கட்டும். டேவிட் ஓகில்வி என்பவர் 1931 இல் ஆக்ஸ்போர்டிலிருந்து பட்டம் பெறாமலே வெளியேறினார். பாரிசில் ஓட்டல் சமையற்கட்டில் உழைத்தார். ஸ்காட்லாந்தில் வீடு வீடாகப் போய் அடுப்பு விற்றார். அடுப்பு விற்பது எப்படி என்று 1935 இல் அவர் எழுதிய கையேடு, மற்ற விற்பனையாளர்களுக்குப் பாடமாயிற்று. 1948 இல் நியூயார்க்கில் அவர் தொடங்கிய விளம்பர நிறுவனம் உலகமெங்கும் பரவிற்று. அவருக்குப் பல்கலைக்கழகம் எது? படிக்கட்டும் வாசற்கதவும்!

ஆனால் ஒன்று. "பட்டம் கட்டாயமில்லை" என்று நாம் சொன்னவுடன், "ஆமாம், ஏழைப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு?" என்று தலையாட்ட ஒரு கூட்டம் காத்திருக்கிறது. அவர்களை நாம் அறிவோம்! 1953 இல் ராஜாஜி ஆட்சி, அரைநாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் தீட்டியபோது, குலக்கல்வி என்று அதை எதிர்த்து நாடே கிளர்ந்தது. 1954 இல் அது ஒழிந்தது. அப்பன் சுமந்த மூட்டையை மகனும் சுமக்கட்டும் என்பது அந்தத் திட்டம். மூட்டைக்கு விலை பேசும் இடத்தில் மகன் உட்காரட்டும் என்பது நம் கோரிக்கை. இரண்டும் ஒன்றா?

ஆகவே, வணிகப் பெருமக்களுக்குச் சொல்கிறோம்: அந்த ஒற்றை வரியை அடித்துவிடுங்கள். ஒரு மாதம் சம்பளம் கொடுத்து வேலையில் வைத்துப் பாருங்கள், விற்றால் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் மேரிலாந்து மாநில அரசே 2022 இல் ஆயிரக்கணக்கான வேலைகளுக்குப் பட்டம் கட்டாயமில்லை என்று அறிவித்தது. அரசுக்கு ஆகும், உங்களுக்கு ஆகாதா?

இளைஞர்களுக்கும் சொல்கிறோம்: காயறிவு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அதனோடு கணக்கெழுதப் பழகுங்கள், கணினி கற்றுக்கொள்ளுங்கள், மலையாளத்தில் பேரம் பேசுங்கள், வடநாட்டு வியாபாரியிடம் பேச அவன் மொழியிலும் நாலு வார்த்தை தெரிந்துகொள்ளுங்கள். சம்பாதித்துக்கொண்டே பட்டமும் பெறுங்கள். அதற்கென்றே 2002 இல் பிறந்தது தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். பட்டம் உங்களுக்கு அணியாக இருக்கட்டும்; அடுத்தவன் போட்ட தாழ்ப்பாளாக இருக்கவேண்டாம்!

சல்லடை, காயின் பருமனைப் பார்க்கிறது. எந்தத் தோட்டத்துக் காய், யார் வீட்டுக் காய் என்று கேட்பதில்லை. காய்க்குக் கிடைக்கும் அந்த நீதி, காயெடுத்தவளின் மகனுக்குக் கிடைக்கவேண்டாமா?