செத்த பேட்டரியை யார் இழுப்பது?

எலெக்ட்ரிக் காரின் பேட்டரி எட்டுப் பத்து வருஷத்தில் தளர்ந்துபோகும். புதிதில் பிடித்த மின்சாரத்தில் எழுபது, எண்பது சதவீதம்தான் அப்புறம் பிடிக்கும். காருக்கு அது காணாது. ஆனால் ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்து, பகலில் சூரியத் தகடு தரும் கரண்டை வாங்கிவைத்து, ராத்திரி மின்தொகுப்புக்குத் திருப்பித் தர அது போதும். ஆம்ஸ்டர்டாம் கால்பந்து மைதானத்தில் 2018-இல் நிஸ்ஸான் லீஃப் காரின் பேட்டரிகளை, புதிசும் பழசும் கலந்து, இப்படி வைத்தார்கள். 'இரண்டாம் வாழ்வு' என்று அதற்குப் பேர்.

நல்ல காரியம்தான். ஆனால் பிணத்துக்கு உயிர் கொடுக்கிற கை யாருடையது என்று கேட்காமல் சேரிக்காரன் இதற்குக் கைதட்டக் கூடாது, தோழர்களே.

பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே முந்நூறு, நானூறு வோல்ட். செல் செல்லாகச் சோதித்து நல்லதையும் கெட்டதையும் பிரிக்க வேண்டும். ஒன்று பழுதாகிச் சூடேறினால் பக்கத்துச் செல்லையும் பற்றும். வருகிற புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு. இதை எப்படிச் செய்வார்கள் என்பதற்கு ஈய பேட்டரியைப் பாருங்கள். அதற்கு 2001-லேயே விதி போட்டாச்சு. ஆனாலும் காயலான் கடைக்குப் பின்னால் சம்மட்டியால் உடைத்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, ஈயத்தைச் சட்டியில் உருக்குகிறார்கள். இந்தியாவில் 27 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் அளவுக்கு மீறி இருப்பதாக யுனிசெஃப்பும் ப்யூர் எர்த்தும் 2020-இல் சொன்னார்கள். பேட்டரி உடைப்பு அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. யார் பிள்ளைகள் என்று அறிக்கை சாதி போட்டு எழுதவில்லை. காயலான் கடை எந்தத் தெருவை ஒட்டி இருக்கிறது என்று நமக்குத் தெரியாதா?

மாடு உயிரோடு இருந்தவரை ஆண்டையுடையது. பால் அவருக்கு, உழவு அவருக்கு. செத்தால் நம்முடையது: இழுக்க, உரிக்க. தோலில் காசு இருக்கத்தான் செய்தது. அது தோல்மண்டியில் போய்த் தங்கியது. 1927-இல் மகாடில் அம்பேத்கர் இழுக்காதே என்றார்.

2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளில் பழைய பேட்டரி தயாரிப்பாளர் பொறுப்பு. ஆனால் மறுசுழற்சி செய்தவரிடம் சான்றிதழை விலைக்கு வாங்கிக் கணக்கை நேர் செய்துகொள்ளலாம். பேங்கில் உட்கார்ந்திருப்பவன் நான். காகிதம் பணமாகிற இடம் எனக்குத் தெரியும். சான்றிதழுக்குச் சந்தை உண்டு. பெட்டியைத் திறக்கிற கைக்கு?

அதே 2022-இல் ஆடி சோதனைக் கார்களில் ஓடிய பேட்டரிகளை இந்திய மூன்று சக்கர வண்டிகளில் போட்டார்கள். நம் பெண்கள் சரக்கேற்றிப் போகலாமாம். பழைய சேலை கொடுக்கிற கை ஞாபகம் வருகிறது. வண்டி ஓடினால் சந்தோஷம்தான், ஆனால் நன்றி சொல்லச் சொல்லாதீர்கள்.

வைஸ்ராய் சபையில் மின்சாரத்தைக் கவனித்தவர் அம்பேத்கர் என்பதை நம்மவர்களே மறந்துவிட்டார்கள். மலிவாக இருந்தால் மட்டும் போதாது, மின்சாரம் ஏராளமாக வேண்டும் என்று 1943-இல் வாதிட்டார். அரசியல் நிர்ணய சபைக்காக 1947-இல் எழுதிய திட்டத்தில் முக்கியத் தொழில்களை அரசுடைமையாக்கக் கேட்டார்.

விழிதியூர் காவிரிக்குக் கடைமடை. கரண்டுக்கும் கடைமடை. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் தெருவுக்குத்தான் கடைசியாக விளக்கு எரிந்தது. சாயங்காலம் கம்பியின் கடைசி முனையில் வோல்டேஜ் விழுகிறது. சேமிப்பை அந்த முனையில் வைத்தால்தான் அது நிமிரும். ஆகவே காலனிப் பக்கம் வை என்கிறேன். "தீப்பிடிக்கிற சாமானையும் நம்ம வாசல்லயா?" என்று ஒரு தம்பி கேட்டான். சரியான கேள்வி. வீடுகளை விட்டுத் தள்ளி, தீயணைப்பு ஏற்பாட்டோடு, அரசின் சொத்தாக, நிர்வாகக் குழுவில் தெருக்காரர் பாதிப்பேர் இருக்க வேண்டும்.

திறக்கிற ஆலையில் நம் ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு நிரந்தர வேலை, கையுறை, காப்பீடு. மேற்பார்வை நாற்காலியிலும் நம் ஆள். அதெல்லாம் இல்லாமல் தினக்கூலிக்குத் திறக்கக் கூப்பிட்டால், பெட்டி அவர்கள் வாசலிலேயே கிடக்கட்டும்.