காற்றின்மேற் பழி சுமத்தலாமா?

நகரத்து வானம் மங்கி, மக்கள் இருமத் தொடங்கியதும், "காலநிலை சரியில்லை" என்று கூறி அமைந்துவிடுதல் இன்று ஆள்வோர்க்கும் குடிமக்களுக்கும் பொதுவான வழக்கமாகிவிட்டது. இக்கூற்றில் உண்மையும் உண்டு, பொய்யும் உண்டு. இரண்டையும் பகுத்துணர்தல் கற்றோர் கடனாகும்.

ஈண்டு யாம் பேசுவது கண்ணுக்குப் புலனாகும் புழுதியைப் பற்றியன்று, 2.5 மைக்குரோமீற்றருக்கு மேற்படாத விட்டமுடைய நுண்துகள்களைப் பற்றியதாகும். தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ முப்பதிலொரு பங்கான இவை, மூக்கிலும் தொண்டையிலும் தங்காது நுரையீரலின் அடிவரை சென்று, குருதியிலும் கலக்க வல்லன. இவற்றின் ஆண்டுச் சராசரி கனமீற்றருக்கு 5 மைக்குரோகிராமைத் தாண்டலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் வரையறுத்தது.

இத்துகள்கள்மீது வானிலைக்குள்ள ஆட்சி பெரிது. பகலில் வெயிலாற் சூடேறிய நிலம் தன்னையடுத்த காற்றை மேலெழுப்ப, புகையும் உடன் எழுந்து பரந்து மெலிகின்றது. முகிலற்ற அமைதியான இரவிலோ நிலம் விரைந்து குளிர்கின்றது. கீழே குளிர்காற்றும் மேலே வெப்பக்காற்றுமாக நிலை மாறுகின்றது. வெப்பநிலை நேர்மாறல் என்பர் இதனைப் புவியியலார். பானைக்கு மூடியிட்டாற்போல நகரின் புகை அடியிலேயே அடைபடும். ஆயிரம் மீற்றர் உயரம்வரை கலந்த புகை இருநூறு மீற்றருக்குள் ஒடுங்குமாயின், அதன் செறிவு ஐந்து மடங்காகும் என்பது எளிய கணக்கு. ஈரக்காற்றில் துகள்கள் நீரேற்றுப் பருத்து, பார்வையை மறைக்கும். மழை அவற்றுட் பலவற்றைக் கழுவி வீழ்த்தும்.

எனினும், மூடி நஞ்சை ஆக்குவதில்லை. பானையினுள் நாம் இட்டதையே அது காத்து வைக்கின்றது. இதற்கு இலண்டன் மாநகரே சான்று. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை அந்நகரின்மேற் காற்று அசைவற்று நின்றது. அடுப்புகளிலும் ஆலைகளிலும் எரிந்த நிலக்கரிப் புகை மூடுபனியோடு கலந்து தெருக்களை நிறைத்தது. நாலாயிரம் பேர் மாண்டனர் என அக்காலத்தே கணித்தனர். பன்னீராயிரம் வரை இருக்கலாமென்பது பின்வந்த ஆய்வாளர் மதிப்பீடு. 1956இல் பிரித்தானியப் பாராளுமன்றம் தூயகாற்றுச் சட்டத்தை நிறைவேற்றியது; புகை கட்டுப்படுத்தும் பகுதிகள் வகுக்கப்பட்டன; வீட்டு அடுப்புகளை மாற்றப் பணவுதவியும் வழங்கப்பட்டது. 1962 டிசம்பரில் அதே அசைவற்ற வானிலை மீண்டும் வந்தது. அப்போதும் உயிர்கள் பல மாண்டன. ஆயினும் புகை குறைந்திருந்தது, இறப்பும் முன்னையினும் மிகக் குறைந்தது. வானிலை மாறவில்லை, மாறியவர் மக்களே.

"நாம் கடல் சூழ்ந்த தீவினர், வாடையும் சோளகமும் நம் மாசினைத் துடைத்துவிடும்" என்பார் நம்மிடையே உளர். துடைக்குங் காற்றே சுமந்தும் வரும். 2022 டிசம்பரில் வங்காள விரிகுடாவில் மாண்டஸ் சூறாவளி சுழன்றபோது, இந்தியப் பெருநிலத்து மாசு காற்றோடு வந்து இலங்கையின்மீது படர்ந்தது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வானம் மங்கிற்று. 9ஆம் நாள் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. "அஃது அயலார் புகையன்றோ?" எனின், ஆம், அதுவும் மனிதர் மூட்டிய தீயின் புகையே. எல்லை கடக்கும் வளிமாசு குறித்துத் தெற்காசிய நாடுகள் 1998இல் மாலேயிற் செய்த பிரகடனம் ஏட்டளவில் நில்லாது செயலுக்கு வரல் வேண்டும். ஆனால், அயலாரைக் கேட்கும் உரிமை தன் முற்றத்துத் தீயை முதலில் அவித்தவனுக்கே உண்டு.

நம் ஊர்களில் குப்பையும் சருகும் எரிக்கப்படுவது பெரும்பாலும் எப்போது? விடியலிலும் அந்தியிலும் அன்றோ? மூடி தாழ்ந்திருக்கும் வேளையும் அதுவே. பாடசாலை வாயிலிற் பேருந்துகள் இயந்திரத்தை நிறுத்தாது புகை கக்கி நிற்பதும் காலைப்பொழுதிலேயே. இவற்றைத் தடுக்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. நகரசபைகளின் உறுதியும் நம் உடன்பாடும் போதும். பழைய டீசல் வண்டிகளைச் சீர்செய்தலும், ஒவ்வொரு நகரிலும் காற்றின் தரத்தை அளந்து நாள்தோறும் மக்களுக்கு அறிவித்தலும் அரசின் பொறுப்பு.

குளத்துக்குக் கட்டு அமைப்போர் கோடைநீரை அளந்து அமைப்பதில்லை. மாரிப் பெருவெள்ளத்தைக் கருதியே உயர்த்துவர். அவ்வாறே ஒரு நகரம் எவ்வளவு புகை விடலாம் என்பதைக் காற்று வீசும் நல்ல நாளை வைத்தன்று, காற்று அவிந்த கொடிய இரவை வைத்தே தீர்மானித்தல் வேண்டும். நகரசபைகளிலும் அரச அலுவலகங்களிலும் பதவி வகிக்கும் நம் பழைய மாணவர் இவ்வளவுகோலைக் கைக்கொள்வாராக. இன்று வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் இளையோரின் நுரையீரல் அவர்தம் முடிவையே நம்பியிருக்கின்றது. காற்றை ஏவ நம்மால் இயலாது. தீயை அவிக்க இயலும்.