வீட்டில் நாயைப் பார்த்துக்கொள்ள லைசென்ஸ் வேணுமா? சட்டம் என்ன சொல்கிறது?

ஜவ்வாது மலைக்கு வார இறுதி ட்ரிப். ஜமுனாமரத்தூரில் ரூம் போட்டாச்சு, பீமன் அருவி, காவலூர் வானாய்வகம் எல்லாம் லிஸ்ட்டில் இருக்கு. அந்த இரண்டு நாளும் வீட்டு நாயை யார் பார்த்துப்பாங்க? பக்கத்துத் தெரு அக்கா ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்கிறார். அல்லது மலையில் நீங்கள் தங்கும் வீட்டுக்காரரே, நீங்கள் சுற்றிவிட்டு வரும்வரை நாயை வைத்துக்கொள்கிறார். இவர்களுக்கு லைசென்ஸ் தேவையா?

வீட்டில் ஒன்றிரண்டு பிராணிகளைப் பார்த்துக்கொள்பவருக்கு என்று மத்திய விதிகளில் தனி லைசென்ஸ் கிடையாது. 2018-ல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகள் விற்பனைக்கானவை. சென்னை மாநகராட்சி ஆண்டுக்கு 50 ரூபாய் வாங்கிக்கொண்டு தரும் உரிமம் நாயின் ஓனருக்கானது, பார்த்துக்கொள்பவருக்கு அல்ல.

குழப்பம் 2017-ன் நாய் இனப்பெருக்க விதிகளில்தான். 'பிரீடர்' யார் என்று விளக்கும் இடத்திலேயே 'போர்டிங் கென்னல்' நடத்துபவரையும் சேர்த்துவிட்டார்கள். பிரீடர் என்றால் 5,000 ரூபாய் கட்டி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யணும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். ஹாலில் ஒரே ஒரு லேப்ரடாரை வைத்துக்கொள்ளும் அக்காவும் கென்னலா? அந்த விதிகளை எழுதியவர்கள் மனதில் அவர் இருந்ததாகத் தெரியவில்லை. பூனை என்றால் அந்த விதிகளே பொருந்தாது.

அப்போ நாய் காட்டுக்குள் ஓடிப்போனால்? இங்கேதான் யாரும் எதிர்பார்க்காத ஒரு சட்டம் வருகிறது: 1872-ன் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் பார்வையில் உங்கள் நாய் ஒரு 'பொருள்'. ஒப்படைக்கப்பட்ட பொருளை, சாதாரண விவேகமுள்ளவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்ளணும் என்கிறது 151-வது பிரிவு. காசு வாங்காமல் பார்த்துக்கொண்டாலும் இதேதான். 163-வது பிரிவு தரும் உதாரணமே ஒரு மாடுதான்: பார்த்துக்கொள்ள விட்ட பசு கன்று போட்டால், கன்றையும் சேர்த்துத் திருப்பித் தரணும். வேறு மாதிரி பேசி வைத்திருந்தால் அந்தப் பேச்சே செல்லும். வாரத்துக்கு மாடு விடும் நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புதுசே இல்லை.

காசு வாங்கியிருந்தால், சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கவனக்குறைவால் நாய் யாரையாவது கடிக்க விட்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் சோறு தண்ணி தராமல் போட்டால்? 1960-ன் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதம் இன்னமும் 50 ரூபாய்.

இங்கிலாந்தில் கதை வேறு. தொழிலாக நாய்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவருக்கு உள்ளாட்சி லைசென்ஸ் கட்டாயம். அதிகாரி வீட்டுக்கே வந்து பார்த்து, ஸ்டார் ரேட்டிங் கொடுப்பார்.

இங்கே அந்த அதிகாரியின் வேலையையும் நீங்களேதான் பார்க்கணும். நாயை விடும் முன் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போதும்: ரேபிஸ் ஊசி போட்ட தேதி, கால்நடை மருத்துவர் நம்பர், அவசரச் செலவு யாருடையது, தொலைந்தால் என்ன செய்வது. எதிரில் இருப்பவர் 'ஓகே' என்று பதில் போட்டால், பிரச்சினை வரும்போது காட்ட உங்களிடம் ஒரு ஆதாரம் இருக்கும்.